தல் அபூ ஹுறைறா: தண்ணிக்கடியில் போன பழைய வெள்ளாமை

அபூ ஹுறைறா என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது ஹதீஸ் கிதாபுகள்தான். தொல்லியல் படித்த ஒருவரிடம் அதே பெயரைச் சொன்னால் அவர் நினைப்பது ஒரு மண்மேட்டை. வடசிரியாவில், ஃபுராத் நதியின் கரையில், ஹலப் நகரிலிருந்து கிழக்கே சுமார் 120 கிலோமீற்றர் தூரத்தில் அந்த மேடு இருந்தது. ‘இருந்தது’ என்று இறந்தகாலத்தில் எழுதக் காரணம் உண்டு. கிட்டத்தட்ட ஐம்பது வருடமாக அது ஓர் அணைக்கட்டின் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது.

மேட்டுக்கும் அந்த ஸஹாபிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு தொடர்பும் இல்லை. பக்கத்திலிருந்த கிராமத்துக்கு அந்தப் பெயர். கிராமத்தின் பெயரே மேட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. அறபில் ‘தல்’ என்றால் மேடு. இது இயற்கையாக வந்த மேடு அல்ல. களிமண்ணால் வீடு கட்டுகிறார்கள், அது இடிகிறது, இடிந்ததைச் சமப்படுத்தி அதற்கு மேலேயே அடுத்த வீட்டைக் கட்டுகிறார்கள். சாம்பலும் எலும்பும் உடைந்த கல்லும் அப்படியே உள்ளே தங்கிவிடும். நூறு தலைமுறை இப்படி வாழ்ந்தால் நிலம் தானாக உயரும். அபூ ஹுறைறா மேடு சில இடங்களில் 8 மீற்றர் வரை உயர்ந்திருந்தது. பரப்பு சுமார் 11.5 ஹெக்டேயர், எங்கட கணக்கில் 28 ஏக்கர்.

தங்கமோ சிலையோ கல்வெட்டோ அங்கே கிடைக்கவில்லை. எழுத்து என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலத்து ஊர் அது. எங்கட நாட்டில் பழைய இடம் என்றாலே புதையல் என்று நினைத்து, இரவோடிரவாக மண்வெட்டியோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் இந்த மேட்டைத் தோண்டியிருந்தால் கருகிய விதையையும் எலும்புத் துண்டையும் பார்த்துத் தூ என்று துப்பிவிட்டுப் போயிருப்பார். ஆனால் மனிதன் எப்படி வெள்ளாமைக்காரன் ஆனான், அதற்கு யாருடைய உடம்பு விலை கொடுத்தது என்ற கேள்விக்கு இந்த விதையும் எலும்பும் தந்த பதில் போல வேறு எந்த இடமும் தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த கதை எல்லோருக்கும் தெரியும். மனிதன் வேட்டையாடி அலைந்தான். பிறகு விதை முளைப்பதைக் கண்டான். விதைத்தான், அறுத்தான், வயிறு நிறைந்தது, நாகரிகம் பிறந்தது. வி. கோர்டன் சைல்ட் என்ற அறிஞர் 1930களில் இதைப் ‘புதிய கற்காலப் புரட்சி’ என்று எழுதினார். அந்தச் சொல் உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் ஏறியது. புரட்சி என்றால் ஏதோ ஒரு நல்ல நாளில், ஒரு புத்திசாலியின் கையால் நடந்தது போல ஒரு நினைப்பு வரும். அபூ ஹுறைறாவில் கிடைத்தது வேறு கதை.

1960களின் கடைசியில் சிரிய அரசு சோவியத் நாட்டின் உதவியோடு ஃபுராத்துக்குக் குறுக்கே தப்கா என்ற இடத்தில் பெரிய அணை கட்டத் தொடங்கியது. மின்சாரம் வேண்டும், நீர்ப்பாசனம் வேண்டும். அணை கட்டினால் மேலே ஏறக்குறைய 80 கிலோமீற்றர் நீளத்துக்கு ஏரி தேங்கும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊர் விட்டுப் போகவேண்டியிருந்தது. மகாவலித் திட்டத்தில் பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கிய கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஃபுராத் பள்ளத்தாக்கிலோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழைமையான மேடுகள் வரிசையாக இருந்தன. தண்ணி ஏறுவதற்கு முன் முடிந்தளவு தோண்டிப் பாருங்கள் என்று சிரியா வெளிநாட்டு ஆய்வாளர்களையும் அழைத்தது.

அபூ ஹுறைறாவை எடுத்துக்கொண்டவர் அன்ட்ரூ மூர் என்ற இளம் பிரித்தானிய ஆய்வாளர். அவருக்குக் கிடைத்தது 1972, 1973 ஆகிய இரண்டே பருவங்கள். 28 ஏக்கர் மேட்டை இரண்டு பருவத்தில் முழுதாகத் தோண்ட யாராலும் முடியாது. மேட்டின் வெவ்வேறு இடங்களில் ஏழு குழிகள் வெட்டினார்கள். அந்த ஏழிலும் மிகப் பழைய குடியிருப்பைப் பற்றி நாம் இன்று பேசுவதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு குழியிலிருந்து வந்தவை. ஒரு வீட்டு மண்டபத்தின் அளவான குழி. அந்தக் குழியை நாலு முழம் தள்ளி வெட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு விஷயமே இருந்திருக்காது.

நேரம் குறைவு என்பதாலோ என்னவோ, அவர்கள் ஒரு காரியத்தில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. தோண்டிய மண்ணை வீசவில்லை. சலித்தார்கள், பிறகு தண்ணியில் போட்டு மிதக்க வைத்தார்கள். இது என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். நெல்லைத் தண்ணியில் போட்டால் மணி பிடித்த நெல் அடியில் போகும், சப்பி மேலே மிதக்கும் என்று எங்கட வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதே கணக்குத்தான். அடுப்பில் விழுந்து கரியாகிப்போன விதை எடை குறைந்தது. மண் கரைந்து கீழே போக, கரி மிதக்கும். அதை வழித்துத் துணியில் உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். காயாத விதை மண்ணில் உக்கிப்போகும். புழுவும் பூஞ்சையும் தின்றுவிடும். கரியை எதுவும் தின்னாது. பன்னிரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு சாப்பாட்டைப் பற்றி எங்களுக்குத் தெரிவது, சமைத்த யாரோ ஒருவர் கவனம் தவறித் தீய விட்டதனால்.

இந்த விதைகளை வருடக்கணக்காக உட்கார்ந்து பார்த்தவர் கோர்டன் ஹில்மன் என்ற தாவரவியலாளர். விலங்கு எலும்புகளைப் பார்த்தவர் அன்தனி லெக். மூர், ஹில்மன், லெக் மூவரும் சேர்ந்து முழு அறிக்கையை நூலாக வெளியிட்டது 2000ஆம் ஆண்டில். இரண்டு பருவம் தோண்டியதைப் படித்து முடிக்க இருபத்தேழு வருடம்.

அவர்கள் கண்ட ஊர் இரண்டு. ஒன்றின் மேல் ஒன்று.

அடியில் இருந்தது சின்ன ஊர். இற்றைக்கு 13,000 ஆண்டுகளுக்கும் சற்று முன்னர் தொடங்கியது. நூறு பேர், மிஞ்சினால் இருநூறு பேர் இருந்திருப்பார்கள் என்று மூர் மதிப்பிடுகிறார். முதலில் வீடு என்பது நிலத்தில் தோண்டிய வட்டக் குழி. சுற்றிவர மரக் கம்புகளை நட்டு, மேலே சுள்ளியும் நாணலும் போட்டு மூடியிருக்கிறார்கள். குழிகள் ஒன்றோடொன்று நெருக்கி அமைந்திருந்தன. பிற்பாடு குழியை விட்டுவிட்டு நிலமட்டத்திலேயே குடிசை போட்டார்கள். இவர்கள் விவசாயிகள் அல்ல. ஆனால் அலைந்து திரிந்தவர்களும் அல்ல; வருடம் முழுக்க அங்கேயே இருந்திருக்கிறார்கள். வெவ்வேறு பருவத்தில் விளையும் காட்டு விதைகள் எல்லாம் அந்தக் குப்பையில் கலந்து கிடப்பது இதற்கு ஒரு சான்று. விவசாயம் செய்தால்தான் மனிதன் ஓரிடத்தில் நிலைப்பான் என்று பாடப்புத்தகம் சொன்னது இங்கே முதலாவதாக அடிபடுகிறது. முதலில் ஊர் வந்தது. வெள்ளாமை பிறகுதான் வந்தது.

சாப்பாட்டுக்குக் குறைவிருக்கவில்லை. மேடு இருந்த இடமே அப்படி. ஒரு பக்கம் ஆறும் ஈரமான பள்ளமும், மறுபக்கம் புல்வெளி, அதற்கும் அப்பால் அந்தக் காலத்தில் மரங்கள் ஐதாக நின்ற காடு. நூற்றுக்கு மேற்பட்ட வகைச் செடிகளின் விதைகளும் பழங்களும் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. காட்டுக் கோதுமை, காட்டு றை, பயற்றினங்கள், புல் விதைகள், இன்று நாங்கள் களை என்று பிடுங்கி எறியும் சில செடிகள்கூட. றை என்பது கோதுமையின் உறவுக்காரத் தானியம். குளிர் நாடுகளில் இன்றும் கறுப்பு ரொட்டி சுடுவது அதில்தான். அது இந்தக் கதையில் மறுபடி வரும்.

இறைச்சிக்கு மான். அறபிகள் கஸால் என்று சொல்லும் சின்ன மான். லெக்கும் அவருடைய சகாவான பீற்றர் ரௌலி-கொன்வியும் மான் குட்டிகளின் பல்லைப் பார்த்து ஒரு விஷயத்தைப் பிடித்தார்கள். பிறந்து சில நாளேயான குட்டி இருக்கிறது, ஒரு வயது மான் இருக்கிறது, அதற்கு மூத்தவை இருக்கின்றன. ஆறு மாதக் குட்டியைக் காணவில்லை. குட்டிகள் எல்லாம் வருடத்தில் ஒரே பருவத்தில்தான் பிறக்கின்றன. அப்படியென்றால் கொன்றதும் வருடத்தில் ஒரே பருவத்தில்தான். வசந்தம் முடியும் நேரம் தெற்கிலிருந்து கூட்டம் கூட்டமாக வடக்கே வரும் மான்களை எதிர்பார்த்திருந்து, மொத்தமாக மடக்கிக் கொன்று, இறைச்சியை உப்பிட்டோ உலர்த்தியோ வைத்திருக்கவேண்டும். கருவாடு போடத் தெரிந்த எங்கட கரையோரத்தாருக்கு இந்த யோசனை புதிதல்ல. பிந்திய காலத்தில் சிரிய, யோர்தான் பாலைவனங்களில் மானை மடக்குவதற்கென்றே கட்டிய நீண்ட கற்சுவர்கள் இருக்கின்றன. வானத்திலிருந்து பார்த்தால் பட்டம் போலத் தெரிவதால் அவற்றுக்குப் பட்டம் என்றே பெயர்.

பிறகு காலநிலை மாறியது. இற்றைக்குச் சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலம் முடிந்து சூடேறிக்கொண்டிருந்த உலகம் திடீரென்று மறுபடி குளிர்ந்தது. புவியியலாளர்கள் ‘இளைய டிரையாஸ்’ என்று பெயர் வைத்திருக்கும் இந்தக் குளிர் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீடித்தது. மேற்காசியாவில் அது வறட்சியாகத் தெரிந்தது. இந்த மாற்றம் அபூ ஹுறைறாவின் சாம்பலில் படிப்படியாகப் பதிந்திருப்பதை ஹில்மன் கண்டார். ஈரம் தேடும் செடிகளின் விதைகள் முதலில் குறைகின்றன. பிறகு காட்டுக் கோதுமையும் காட்டு றையும் குறைகின்றன. காடு ஊரை விட்டு விலகிப் போகிறது. பெண்களும் பிள்ளைகளும் கூடையோடு முன்பு ஒரு நேரத்தில் போய்வந்த இடம் இப்போது ஒரு நாள் தூரம். அதற்கும் அடுத்த தலைமுறையில் அங்கேயும் ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில்தான் சாம்பலில் இரண்டு புதினம் தெரிகிறது. ஒன்று, உழுத நிலத்தில் வளரும் வகைக் களைகளின் விதைகள் கூடுகின்றன. மழை குறைந்து மற்றதெல்லாம் வாடும்போது இந்தக் களைகள் மட்டும் பெருகக் காரணம் என்ன? யாரோ நிலத்தைக் கிளறுகிறார்கள். மற்றது, சில றை மணிகள். காட்டு றையைவிடப் பருத்தவை, பயிரிட்ட றையைப் போன்றவை. அந்த மணிகளையே காபன் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள். வந்த கணக்கு 13,000 ஆண்டுகளை ஒட்டியது. அதற்கு முன் உலகத்தில் எங்கும் விவசாயத்துக்கு இவ்வளவு பழைய சான்று கிடைத்ததில்லை. 2001இல் ஹில்மனும் கூட்டாளிகளும் இதை எழுதியபோது பெரிய பேச்சாக இருந்தது.

ஹில்மனின் வாதத்தை ஒரு வரியில் சொல்வதென்றால், இவர்கள் விவசாயத்துக்குப் போனது வயிறு நிறைந்து அல்ல, வயிறு காய்ந்து. ஊரை விட்டுப் போகலாம், ஆனால் போன இடத்திலும் வறட்சி. கையில் இருந்த விதையை ஈரம் தங்கும் பள்ளத்தில் போட்டு, களை பிடுங்கி, காவல் இருந்து பார்த்தார்கள்.

இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கவேண்டாம். 2010இல் சூ கொலெட்ஜ், ஜேம்ஸ் கொனலி என்ற இருவர் அந்த விதைக் கணக்குகளை மறுபடி எடுத்து ஆராய்ந்தார்கள். நல்ல உணவு குறைந்த காலத்தில் மனிதர்கள் முன்பு தொடாத சின்ன விதைகளையும் பொறுக்கித் தின்றிருப்பார்கள்; களை விதை கூடியதற்கு அதுவே போதுமான காரணம் என்று சொன்னார்கள். பருத்த றை மணிகளோ மிகச் சில. மணியின் பருமனை மட்டும் வைத்துப் பயிரிட்டது என்று தீர்ப்புச் சொல்வது கடினம். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: றை விஷயத்தில் மறுத்தவர்களின் கை சற்று ஓங்கியிருக்கிறது. ஆனால் வறட்சியில் அகப்பட்ட ஒரு சின்ன ஊர் தன் சாப்பாட்டை மாற்றித் தப்பிப் பிழைத்தது என்ற செய்தியை இரண்டு தரப்பும் மறுக்கவில்லை. பொறுக்கித் தின்றார்களா, விதைத்துத் தின்றார்களா என்பதில்தான் வழக்கு.

பயிரிட்ட தானியம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அம்பாறைப் பக்கத்து வயல்காரர்களைக் களைநெல் படுத்தும் பாடு பலருக்குத் தெரியும். பார்த்தால் நெல் போலவே நிற்கும், முற்றியதும் அறுக்க முந்தியே மணியைக் கொட்டிவிடும். காட்டுத் தானியம் எல்லாம் அப்படித்தான். விதை தானாகக் கொட்டி முளைக்கவேண்டும், அதுதான் அதனுடைய சீவியம். நூற்றில், ஆயிரத்தில் ஒரு கதிர் பிறவிக் கோளாறாகக் கொட்டாமல் நிற்கும். காட்டில் அது அடுத்த வருடம் இல்லாமல் போகும். ஆனால் மனிதன் அரிவாளோடு வந்தால் கொட்டியது மண்ணுக்கு, கொட்டாதது கூடைக்கு. கூடையில் வந்ததை அடுத்த போகத்துக்கு விதைக்கிறான். இப்படிப் பல நூறு போகம் போனால் வயல் முழுக்கக் கொட்டாத கதிராகவே இருக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. கதிரின் காம்பு உடைந்த இடம் வழவழப்பாக இருக்கிறதா, முறித்ததுபோலச் சொரசொரப்பாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் இன்றைக்கு விதை ஆய்வாளர்கள் காட்டுத் தானியத்தையும் வீட்டுத் தானியத்தையும் பிரிக்கிறார்கள்.

2020இல் மூரும் வேறு சிலரும் சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினார்கள். வால்வெள்ளித் துண்டொன்று வானத்தில் வெடித்து அந்தச் சின்ன ஊரை எரித்தது, மண்ணில் கண்ணாடி போல உருகிய துகள்கள் அதற்குச் சாட்சி என்று. பத்திரிகைகள் இதைத்தான் பெரிதாகப் போட்டன. துறையில் பலர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. வானத்திலிருந்து நெருப்பு விழுந்த கதை சுவையானதுதான். எனக்கு அதைவிட அந்த ஊர்க்காரியின் கால் பெருவிரல் முக்கியமாகப் படுகிறது.

அதற்கு இரண்டாவது ஊருக்கு வரவேண்டும்.

இற்றைக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் வேறு மாதிரி ஊர் எழும்பியது. களிமண் கல்லால் கட்டிய நீள்சதுர வீடுகள், பல அறைகள், நடுவே ஒடுங்கிய சந்துகள். தரைக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசி, சிலவற்றில் கறுப்பு நிறம் தீட்டி மினுக்கியிருந்தார்கள். கோதுமை, பார்லி, பயறு, கடலை எல்லாம் இப்போது சந்தேகமில்லாமல் பயிரிட்டவை. மான் வேட்டை கொஞ்ச காலம் தொடர்ந்தது. பிறகு மான் எலும்பு சடுதியாகக் குறைந்து, செம்மறியும் வெள்ளாடும் அந்த இடத்தைப் பிடித்தன. நூறு பேரின் ஊர் சில ஆயிரம் பேரின் ஊராகியது. மரித்தவர்களை வீட்டுத் தரைக்குக் கீழேயும் முற்றத்திலும் அடக்கினார்கள்.

அந்த எலும்புகள் லண்டனில் இயற்கை வரலாற்று நூதனசாலையில் பணியாற்றிய தேயா மொலிசன் என்ற பெண்மணியின் கைக்குப் போயின. ஏறக்குறைய 162 பேரின் எச்சங்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறு பிள்ளைகள். முழு எலும்புக்கூடுகள் சில, மீதி உதிரி எலும்புகள். பொதுவாக நல்ல ஆரோக்கியமான மனிதர்கள்தான். ஆனால் சில எலும்புகளில் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே வகைத் தேய்மானம் தெரிந்தது. முதுகின் கீழ்ப்பகுதி முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது. முழங்கால் மூட்டில் வழக்கத்தில் இல்லாத தடம். எல்லாவற்றையும்விட, கால் பெருவிரலின் அடி மூட்டு கடுமையாகத் தேய்ந்து, சிலவற்றில் வாதம் பிடித்து உருக்குலைந்திருக்கிறது.

நடந்து திரிகிறவனுக்குப் பெருவிரல் இப்படித் தேயாது. பெருவிரலை முன்பக்கம் வளைத்து, அதன்மேல் உடம்பின் பாரத்தைப் போட்டு, மணிக்கணக்காக முழங்காலில் இருக்கிறவருக்குத்தான் இது வரும். அப்படி இருந்து செய்யும் வேலை எது? பழைய எகிப்தின் சிறு சிலைகளில் பெண்கள் இதே இருப்பில் இருப்பதை மொலிசன் கவனித்தார். முன்னால் சாய்வான ஒரு நீளக் கல். அவர்கள் கையில் உருட்டுக்கல். தானியம் அரைக்கிறார்கள். அபூ ஹுறைறா வீடுகளில் அப்படியான அரைகற்கள் கிடைத்திருந்தன.

எங்கட அம்மியையோ ஆட்டுக்கல்லையோ நினைக்கவேண்டாம். அது குந்தியிருந்தோ பலகையில் இருந்தோ செய்வது. இது முட்டுக்காலில் நின்று, இரண்டு கையாலும் கல்லைப் பிடித்து, முழு உடம்பையும் முன்னுக்குத் தள்ளி, வயிறு கிடையாக வரும்வரை நீட்டி, பிறகு ஒரே இழுப்பில் பின்னுக்கு வருவது. முன்னுக்குத் தள்ளும்போது முழங்காலும் பெருவிரலும் தாங்கும்; திரும்பி வரும்போது இடுப்பு முறியும். அரைத்த மா கெட்டுப்போகும் என்பதால் நாளைக்கென்று சேர்த்துவைக்கவும் முடியாது. குடும்பத்துக்கு வேண்டியதை அன்றன்றைக்கு உமி நீக்கி, அரைத்து எடுக்கவேண்டும். தினமும் பல மணித்தியாலம்.

யாருடைய பெருவிரல் என்பதையும் அவர் பார்த்தார். ஆண் எலும்பு பெரியது, பெண் எலும்பு சிறியது. அளந்து பார்த்தபோது தேய்ந்தவற்றில் பெரும்பாலானவை சிறியவை. அரைத்தவர்கள் பெண்கள், அநேகமாகச் சிறு வயதிலேயே தொடங்கியவர்கள். எழுத்தில்லாத காலத்தில் வீட்டுவேலை யாருடைய தலையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. தலையில் என்று சொன்னது தற்செயலல்ல. சிலரின் கழுத்தெலும்பு மேற்புறம் தடித்திருந்தது, அது தலைச்சுமை தூக்கியதால் வந்தது.

என்னுடைய உம்மும்மா கடைசிக் காலத்தில் தொழுகையில் ஸுஜூதிலிருந்து எழும்பக் கஷ்டப்படுவார். முழங்காலைத் தடவிக்கொண்டு ‘இது மா இடிச்ச கால்’ என்பார். உரலும் உலக்கையும் அவருக்குப் பத்து வயதிலிருந்து. நாங்கள் சிரிப்போம். மொலிசனின் கட்டுரையை வாசித்த இரவு எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

பல்லும் பேசுகிறது. தொடக்கத்து ஆட்களின் பல் கண்டபடி உடைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது. கல்லால் அரைத்த மாவில் கல் துகளும் இருக்கும், அரைபடாத முழுமணியும் இருக்கும். கடித்தால் பல் போகும். பிற்காலத்தவரின் பல்லில் இந்த உடைவு குறைகிறது. மாவைச் சலிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது மொலிசனின் கருத்து. பாயும் கூடையும் பின்னத் தெரிந்தவர்களுக்கு அரிதட்டுப் பின்னுவது பெரிய விஷயமல்ல. சிலருடைய முன்பல்லில் மட்டும் குறுக்கே பள்ளம் விழுந்திருந்தது. பன்னாரைப் பல்லில் இடுக்கி இழுத்துப் பின்னியவர்கள் அவர்கள். ஊருக்குள் பாய் பின்னுவது சிலருக்கு மட்டும் உரிய தொழிலாகிவிட்டது என்பதை அந்தப் பள்ளம் சொல்கிறது. எங்கட மருதமுனைக்கு நெசவு போல என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக மட்பாண்டம் வந்தது. தானியத்தைச் சட்டியில் போட்டு வேகவைக்கலாம் என்றதும் அரைக்கும் வேலை கொஞ்சம் இலகுவானது; கஞ்சி காய்ச்சலாம். பல் உடைவது குறைந்தது, ஆனால் சூத்தைப்பல் வந்தது; மாச்சத்து பல்லில் ஒட்டிக்கொள்கிறதே. கஞ்சி வந்ததால் பிள்ளைக்குப் பால்மறக்கச் செய்வதும் முந்தியது, தாய் அடுத்த பிள்ளைக்கு முந்தியே தயாரானாள், பிள்ளைகள் கூடினார்கள் என்று மொலிசன் கருதுகிறார். பிள்ளை கூடினால் வயல் கூடவேண்டும், அரைப்பதும் கூடவேண்டும். இந்தச் சுற்றுக்குள் ஒருமுறை நுழைந்தவர்களால் பழையபடி மானுக்கும் காட்டு விதைக்கும் திரும்பிப் போக முடியவில்லை. ஆயிரக்கணக்கான வாய்க்குக் காடு போதாது.

இற்றைக்கு எட்டாயிரம் ஆண்டு அளவில் ஊர் சுருங்கத் தொடங்கி, பிறகு கைவிடப்பட்டது. மண் மேட்டை மூடியது. ஃபுராத் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மிகப் பிந்திய காலத்தில் அதே பள்ளத்தாக்கில் கலீபா அலீ (ரழி) அவர்களின் படையும் முஆவியா (ரழி) அவர்களின் படையும் ஸிஃப்பீனில் எதிரெதிரே நின்றன. அதற்கும் பிந்தி ஜஅபர் கோட்டை எழுந்தது.

தப்கா அணை 1973இல் முடிந்து தண்ணி ஏறத் தொடங்கியபோது, காப்பாற்ற முடிந்தவற்றைக் காப்பாற்றினார்கள். மலையுச்சியில் இருந்த ஜஅபர் கோட்டையின் அடிவாரத்தைப் பலப்படுத்தினார்கள். இன்று அது தண்ணி சூழ நிற்கிறது. மெஸ்கெனேயில் இருந்த பழைய பள்ளிவாசல் மினாராவைத் துண்டு துண்டாக அறுத்து, மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பொருத்தினார்கள். மண்மேட்டை அறுத்துத் தூக்க முடியாது. அபூ ஹுறைறாவும் அதற்கு எதிர்க்கரையில் இருந்த முறைபித் என்ற, அதே காலத்து இன்னொரு பழைய ஊரும் அப்படியே தண்ணிக்குள் போயின. களிமண் கல் தண்ணியில் கரையும். மூரின் ஏழு குழிகளுக்கு வெளியே கிடந்த மற்ற வீடுகளும், அவற்றின் தரைக்குக் கீழே அடக்கப்பட்டவர்களும் இப்போது ஏரியின் அடிச் சேற்றில்.